வீட்டுக்கு ஒரு கையெழுத்து

லண்டன் விமான நிலையத்தில் என் பையைத் திறக்கச் சொன்ன அதிகாரி முதலில் எடுத்தது பருப்புப் பொடி டப்பாவை. மோந்து பார்த்தார், தும்மினார். அடுத்து எடுத்தது ஒரு நீலக் கோப்பு. "இது என்ன?" என்றார். "இருபது தாய்மார்களின் சம்மதம்" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதை அப்படித்தான் சொல்ல வந்தது. என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பொடியையும் கோப்பையும் ஒன்றாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் அப்போது சென்னையில் ஒரு சிறிய தொப்புள்கொடி ரத்த வங்கியில் ஆவணப் பிரிவில் இருந்தேன். பிள்ளை பிறந்ததும் கொடியை அறுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தக் கொடியில் மிஞ்சியிருக்கும் ரத்தத்தில் ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்கள் நிறைய உண்டு. ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு அதைச் செலுத்தினால் புது ரத்தம் ஊறும். அதனால் அதைப் பையில் பிடித்து உறையவைத்துப் பல வருஷம் காப்பார்கள். தன் பிள்ளைக்கென்றே கட்டணம் கட்டி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்குக் கொடுங்கள் என்று தானமாகத் தருபவர்களும் உண்டு. நான் வாங்கிய படிவங்கள் எல்லாம் தானப் படிவங்கள்.

அந்தத் தானப் பைகளை உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டால் எந்த நாட்டு நோயாளிக்கும் தேடிக் கொடுக்கலாம். சேர்ப்பதற்கு முன் இருபது சம்மதப் படிவங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று அந்தப் பட்டியலை வைத்திருக்கும் இங்கிலாந்து அலுவலகம் கேட்டிருந்தது. எங்கள் தலைமை மருத்துவர் போவதாக இருந்தது. டாக்டர் அம்மா என்போம். கிளம்பும் வாரத்தில் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். "படிவம் வாங்கினவன் நீ, நீயே போ. அப்படியே இன்னும் ரெண்டு நாட்டுல சட்டத்தை எப்படி வெச்சிருக்காங்கன்னு கேட்டு எழுதிட்டு வா. நம்ம நாட்டுல இதுக்கு ஒரு சட்டம் வர்ற வரைக்கும் நாமளாவது ஒழுங்கா இருப்போம்" என்றார். எழுந்து உட்கார முடியாமல், படுத்தபடியே என் கோட்டின் நீளத்தைச் சரிபார்த்தார். கோட்டு இரவல்.

இருபதில் பதினொன்று ஆரணிப் படிவங்கள். ஆரணி என் ஊர். சேவூர்ப் பக்கம் வீடு. அப்பா பட்டு நெய்கிறவர். வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால், ஊரில் தானம் கேட்கும் வேலையை டாக்டர் அம்மா என்னிடமே விட்டிருந்தார். ஒன்பதாவது படிவம் என் அக்கா மல்லிகாவுடையது.

முதல் நாள் யாரோடும் பேசவில்லை. தங்கிய வீட்டுக்கார அம்மாள் சாவியைக் கொடுத்து, குளியலறைக் குழாயில் எது சுடுநீர் என்று காட்டிவிட்டுப் போனாள். காலையில் ரொட்டியின் மேல் இனிப்புக் குழம்பில் ஊறிய பீன்ஸைக் கொட்டி வைத்திருந்தாள். பொடியைத் தூவிச் சாப்பிட்டேன். பக்கத்து மேஜையில் இரண்டு கட்டட வேலைக்காரர்கள். "மழை வரும்போல" என்றார் ஒருவர். "வரலாம்" என்றார் மற்றவர். சற்றுப் பொறுத்து, "வராமலும் போகலாம்" என்றார் முதலாமவர். அரை மணி நேரத்தில் அவ்வளவுதான் பேச்சு. ஆரணியில் பக்கத்து ஊரான சேத்துப்பட்டுக்கு பஸ் ஏறினால், கண்டக்டர் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரருக்கு என் சம்பளமும் இன்னும் கல்யாணம் ஆகாத காரணமும் தெரிந்துவிடும். அதை எரிச்சலாக நினைத்தவன்தான் நான். அன்று யாராவது என் சம்பளத்தைக் கேட்கமாட்டார்களா என்றிருந்தது.

இரண்டாம் நாள் அலுவலகத்துக்கு ரயில். ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். நிலையப் பெயர்கள் என்று நினைத்தேன். ஒரு நிலையத்தில் ரயில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. எட்டிப் பார்த்தால் முன்னால் நாலு பெட்டிகளைக் காணோம். பாதி ரயில் கழன்று போய்விட்டது. நான் இருந்த பாதி அங்கேயே தங்கிவிட்டது. நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "முன் நாலு பெட்டிக்குப் போகச் சொன்னார்களே, கேட்கவில்லையா?" என்றார். "நீங்கள்?" என்றேன். "நான் இங்கேதான் இறங்க வேண்டும். நாய்க்கு அவசரமில்லை" என்றார். நான் அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். நாய் போகும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. இங்கிலாந்தில் என்மேல் அதிக அக்கறை காட்டியது அதுதான்.

அலுவலகத்தில் படிவங்களைப் பார்ப்பவர் பெயர் ஹெலன். ஐம்பது வயதிருக்கும். தாமதத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது. முதலில் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஸ்டெம் செல் வங்கியைக் காட்டினார். அது தொப்புள்கொடி வங்கி அல்ல; செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சிய கருக்களிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை ஆராய்ச்சிக்காக வைத்திருக்கும் இடம். எஃகு அண்டாக்கள், மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை விளிம்பில் வழிகிறது. நாட்டில் எவர் அப்படி ஒரே கருவிலிருந்து பெருகும் செல் வரிசையை உருவாக்கினாலும் ஒரு பங்கை இங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். வைப்பதற்கும் ஒரு குழு அனுமதிக்க வேண்டும், எடுப்பதற்கும் அனுமதிக்க வேண்டும். கருவைத் தந்தவர்களுக்குக் காசு கிடையாது.

"குழுவில் யார் யார்?" என்று கேட்டேன். டாக்டர் அம்மாவுக்கு எழுதிக்கொண்டு போக வேண்டுமே.

"டாக்டர்கள், வக்கீல், ஒரு பாதிரியார். அப்புறம் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள்."

"சமையல்காரரா? அவருக்கு இதில் என்ன தெரியும்?"

ஹெலன் சிரித்தார். "அவர் ஒரே கேள்விதான் கேட்பார். 'அந்தப் பெண் வேண்டாமென்று சொல்லியிருந்தால் யாராவது கோபப்பட்டிருப்பார்களா?' டாக்டர்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்வார்கள். பாதிக் கோப்புகள் அந்தக் கேள்வியில்தான் திரும்பிப் போகின்றன."

நான் அதை எழுதிக்கொண்டேன். சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

மூன்றாம் நாள் படிவங்களை எடுத்தார். நீண்ட மேஜையில் இருபதையும் வரிசையாக, கடையில் புடைவை விரிப்பதுபோல விரித்து வைத்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. படிக்கவில்லை, பார்த்தார். குனிந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பார்த்துக்கொண்டே நடந்தார்.

"இந்த மூன்றும் ஒரே பேனா."

"ஆஸ்பத்திரியில் ஒரு பேனாதான் இருக்கும், மேடம். என்னுடையது."

"சரி. இந்த இரண்டும் ஒரே கை."

அவர் ஒன்பதாவது படிவத்தின் மேல் விரலை வைத்தார். "இதில் சாட்சிப் பெயரும் தாயின் பெயரும் ஒரே மாதிரி சாய்ந்திருக்கின்றன. சாட்சி நீங்கள்தானே? இந்தத் தாய் யார்?"

"என் அக்கா."

"அப்படியானால் அவர் கையெழுத்துப் போட்டதை நீங்கள் பார்த்தீர்கள்."

"பார்த்தேன்" என்றேன்.

அவர் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, பத்தாவதற்கு நகர்ந்தார். முடிவை நான் ஊருக்குப் போவதற்குள் மின்னஞ்சலில் சொல்வதாகச் சொன்னார்.

படிவ விஷயத்தில் பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்கு முன்பு செய்ததைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. இதை எங்கள் பக்கத்துக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் தெருவில் நெசவாளர் சங்க அட்டை அப்பாவின் பெயரில் இருக்கும். நெய்வதற்கான பாவு நூலை வாங்கப் போகிறவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பா தறிக்குழியில் இருந்தால் அம்மா போவாள், அம்மா குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தால் நான் போவேன். பேரேட்டில் அப்பாவின் பெயரை அப்பா மாதிரியே எழுதிவிட்டுப் பாவை வாங்கி வருவோம். ஆறாம் வகுப்பிலிருந்து நான் எழுதியிருக்கிறேன். சங்கத்து எழுத்தர் நூலின் எடையைப் பார்ப்பார். எழுதுகிற கையைப் பார்க்கமாட்டார். வீட்டில் எந்தக் கை சும்மா இருக்கிறதோ அது கையெழுத்துப் போடும். கையெழுத்து வீட்டுக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அன்று அக்கா பிரசவ அறைக்குள் இருந்தாள். நர்ஸ் அம்மா, "படிவம் ரெடியா? ஜல்தி" என்றார். மாமா, அதாவது அக்கா புருஷன், காபி வாங்கப் போயிருந்தார். அக்காவின் பெயரை நானே எழுதினேன். அவள் கையெழுத்து எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் எழுதி நான் பார்த்ததில்லை. இரண்டாவதோடு நின்றவள். மற்ற பத்துப் படிவங்களிலும் எங்கள் வழக்கம்தான்: புருஷன், மாமியார், நாத்தனார், கை சும்மா இருந்தவர்கள்.

இரண்டு நாள் கழித்து பெர்லின். அங்கே டிராமில் ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் என் எதிரில் வந்து நின்று, அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். "முத்திரை எங்கே?"

"என்ன முத்திரை? இன்று காலை வாங்கியது."

"அது உனக்குத் தெரியும். டிக்கெட்டுக்குத் தெரியாதே."

அங்கே டிக்கெட்டை வாங்கினால் போதாதாம்; ஏறும்போது ஒரு பெட்டியில் நுழைத்து நேரத்தைக் குத்திக்கொள்ள வேண்டுமாம். ஒரு கிழவி என் பக்கம் பேசினாள். இன்னொரு கிழவர் அந்தக் கிழவிக்கு எதிராகப் பேசினார். நான் யாரென்பதை மறந்துவிட்டு இருவரும் சட்டம் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு அலுத்துப்போய், "அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடு" என்றாள். இறங்கினேன். மீதி தூரம் நடந்தேன். பனி இல்லை, மழை இல்லை, வெறும் சாம்பல் நிறம்.

அங்கே நான் பார்க்க வேண்டியவர் வெர்னர் என்ற அதிகாரி. வெளிநாட்டு ஸ்டெம் செல்களை இறக்குமதி செய்ய வரும் மனுக்களைப் பார்ப்பவர். ஒல்லி. மேஜையில் ஒரு ஆப்பிள், ஒரு கத்தி, வேறொன்றுமில்லை. கருவை அழித்து செல் எடுப்பது அவர்கள் நாட்டில் குற்றம். வெளிநாட்டில் எடுத்ததை ஆராய்ச்சிக்கு வரவழைக்கலாம். ஆனால் அது சட்டத்தில் குறித்துவைத்த ஒரு தேதிக்கு முன்னால் உருவானதாக இருக்க வேண்டும்.

"அதற்கு மறுநாள் உருவானது?"

"வராது."

"இரண்டும் ஒன்றுதானே, சார்?"

"ஒன்றுதான்." ஆப்பிளை இரண்டாக வெட்டி ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார். "எங்களுக்காக இனி எங்கும் ஒருவர் ஒரு கருவை அழிக்கக் கூடாது. அதற்கு ஒரு கோடு வேண்டும். அமெரிக்காவிலும் ஒரு தேதி வைத்திருக்கிறார்கள். அந்த நாளுக்கு முந்தையதற்குத்தான் அரசாங்கப் பணம். பிந்தையதைச் சொந்தப் பணத்தில் செய்துகொள்ளலாம். ஆகவே ஒரே ஆய்வுக்கூடத்தில் இரண்டு நுண்ணோக்கி, இரண்டு குளிர்ப்பெட்டி. அங்குள்ள என் நண்பர் பேனாவைக்கூட இரண்டாக வைத்திருக்கிறார்."

நான் கேட்க நினைத்ததைக் கடைசியில் கேட்டேன். "சம்மதம் சரியில்லை என்று பின்னால் தெரியவந்தால்?"

"உறைபெட்டியிலேயே இருக்கும். எடுக்க முடியாது."

"தூக்கிப் போட்டுவிடலாமே."

"யாரைக் கேட்டு?" என்றார் வெர்னர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என்னிடம் பதில் இருக்குமோ என்று பார்ப்பவர்போல ஆப்பிளை மென்றுகொண்டு காத்திருந்தார்.

மறுநாள் மதியம், தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுத் தொலைபேசிக் கடை ஒன்றுக்குப் போனேன். துருக்கிக்காரர் நடத்துவது. வரிசையாக மரக் கூண்டுகள். என் பக்கத்துக் கூண்டில் ஒரு பெண், எனக்குத் தெரியாத மொழியில் "சரி, சரி, சரி" என்பதுபோல ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். மாமாவின் செல்போனுக்கு அடித்தேன்.

"யாரு, சேகரா? எங்கருந்துடா?" மாமா கத்தினார். பின்னால் தறிச் சத்தம். "ஜெர்மனியா? அங்க இன்னா மணி? வெயில் இருக்குதா?"

"வெயிலே இல்ல மாமா. அக்காகிட்ட குடுங்க."

"மல்லிகா! உன் தம்பி ஜெர்மனியில இருந்து பேசறான். ஜல்தி வா, காசு ஓடிகினு இருக்கும்."

தறி நின்றது. "சாப்ட்டியாடா?" என்றாள் அக்கா. ஒரு வாரத்தில் என்னை அப்படிக் கேட்ட முதல் குரல். சாப்பிட்டேன் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

"அக்கா, குழந்தை பொறந்தப்ப கொடி ரத்தம் எடுத்தோமே, ஞாபகம் இருக்குதா?"

"நீங்க எடுத்தீங்கன்னு அப்பறமா உங்க மாமா சொன்னாரு. இன்னா அதுக்கு? குழந்தைக்கு எதுனா ஆவுமா?"

"ஒண்ணும் ஆவாது. கீழ போட்டுடற ரத்தம்தான் அது. மெட்ராஸ்ல பத்திரமா இருக்குது. யாருக்கு ஒத்துப்போவுதோ அவங்களுக்குக் குடுப்பாங்க. அதுக்கு நீ சம்மதம்னு ஒரு கையெழுத்து வேணும். அந்தக் கையெழுத்தை…" நிறுத்தினேன். "அன்னிக்கு நான்தான் போட்டேன். உன் பேரை."

பக்கத்துக் கூண்டுப் பெண் மூக்கைச் சிந்தினாள்.

"எனக்குக் கையெழுத்து போடத் தெரியும்டா" என்றாள் அக்கா.

"அக்கா?"

"நீ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப, பள்ளிக்கூடத்துல சாயங்கால க்ளாஸ் வெச்சாங்க. ஆறு மாசம் போனேன். பேரு எழுதுவேன், பேப்பர் படிப்பேன். பஸ் போர்டு நான்தான் பாத்துச் சொல்லுவேன், உங்க மாமா கண்ணாடி இல்லாம தடவிகினு நிப்பாரு. ஒருத்தனாச்சும் ஒரு பேனாவைக் கையில குடுத்தீங்களா இதுவரைக்கும்?"

"தப்புதான்க்கா."

"சரி வுடு. இப்ப இன்னா வேணும்?"

"இப்பக் கேக்கறேன். உனக்குச் சம்மதமா?"

"வேணாம்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"சொன்னா இன்னா பண்ணுவாங்க?"

"அந்த ரத்தத்தைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"உன்ன?"

நான் கூண்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். "தெரியலக்கா. வேலை போனாலும் போவும். அங்க ஒரு அம்மாகிட்ட நீ போட்டதைப் பாத்தேன்னு சொல்லிட்டேன்."

அக்கா சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பில்லை. "அப்ப இது கேக்கறது இல்லடா. உன் வேலையைத் தூக்கி என் தலைமேல வெச்சிகினு, சரியா வேணாமான்னா நான் இன்னான்னு சொல்லுவேன்? நீ பேஜார்ல மாட்டிகினு இருக்கறப்ப நான் வேணாம்னு சொல்ல முடியுமா? மொதல்ல போயி அந்த அம்மாகிட்ட உண்மையச் சொல்லிட்டு வா. ஆவறது ஆவட்டும். அப்பறமா வந்து என்னைக் கேளு. அப்பச் சொல்றேன்."

"அக்கா, ஒரு வார்த்தை…"

"உடம்பைப் பாத்துக்க. குளிர்ல தலைக்கு எதுனா கட்டிக்க." போனை மாமாவிடம் கொடுத்துவிட்டாள். மாமா, "இன்னாடா, திட்டிட்டாளா?" என்றார். பின்னால் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்தத் துருக்கிக்காரர் கடையிலேயே இணைய வசதி இருந்தது. உட்கார்ந்து ஹெலனுக்கும் டாக்டர் அம்மாவுக்கும் ஒரே கடிதமாக எழுதினேன். ஒன்பதாவது படிவத்தில் இருப்பது என் கை. பார்த்தேன் என்றது பொய். மற்ற ஆரணிப் படிவங்கள் பத்திலும் தாய் தன் கையால் எழுதியது எது, எழுதாதது எது என்று எனக்கே தெரியாது. ஜெர்மன் விசைப்பலகையில் ஒய் எழுத்தும் இசட் எழுத்தும் இடம் மாறி இருக்கும். அது தெரியாமல் அடித்ததில், மன்னிப்புக் கேட்டு 'சாரி' என்று எழுதிய இடத்திலெல்லாம் கடைசி எழுத்து இசட்டாக விழுந்திருந்தது. திருத்தப் போனால் அனுப்பமாட்டேன் என்று தோன்றியது. அப்படியே அனுப்பினேன். கடைக்காரர் ஒரு கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். "அம்மாவா?" என்றார், தொலைபேசிக் கூண்டைக் காட்டி. "அக்கா" என்றேன். "அது இன்னும் கஷ்டம்" என்றார்.

சிங்கப்பூரில் இரண்டு நாள். எங்கும் தமிழ். கடைப்பலகையில் தமிழ், ரயிலில் தமிழ், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இரண்டு பேர் தஞ்சாவூர்ப் பேச்சில் ஒரு மூன்றாமவரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். காது நிறைந்தது, ஆனால் அவர்கள் பேசிக்கொண்டது அவர்களுக்குள்தான். சாப்பாட்டுக் கடையில் பரிமாறியவர், "இன்னொரு தோசை வைக்கவா, தம்பி?" என்றார். வயிறு நிறைந்திருந்தது. வையுங்கள் என்றேன். அதையும் தின்றுவிட்டு, அவர் மறுபடி வந்து கேட்பாரா என்று இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

அங்கே பொதுத் தானத்துக்கென்று ஒரு தொப்புள்கொடி வங்கி இருக்கிறது. தாயை இரண்டு முறை கேட்போம் என்றார் சுற்றிக்காட்டிய நர்ஸ் அம்மாள்: வலி எடுப்பதற்கு வாரங்கள் முன்னால் ஒருமுறை, பிள்ளை பிறந்து தெளிந்த பிறகு ஒருமுறை. "இரண்டாம் முறை புருஷனை டீ குடிக்க அனுப்பிவிடுவோம். மாமியார் இருந்தால் அவரையும். சில பேர் அப்போது மாற்றிச் சொல்கிறார்கள்" என்றார்.

"மாற்றிச் சொன்னால் ஏன் என்று கேட்பீர்களா?"

"கேட்க மாட்டோம். ஏன் என்று கேட்டால் பதில் தயாரிக்க வேண்டியிருக்கும். அது பிரசவித்தவள் வேலை இல்லையே."

இரண்டாம் நாள் பதில்கள் வந்திருந்தன. ஹெலன் எழுதியிருந்தார்: இருபது படிவங்களும் நிறுத்திவைக்கப்படுகின்றன, உங்கள் வங்கியின் விண்ணப்பமும்தான். எல்லாத் தாய்மாரையும் திரும்பக் கேளுங்கள். வேண்டாம் என்பவர்களுடையதை அகற்றுங்கள். கேட்டு முடிந்ததும் மறுபடி விண்ணப்பிக்கலாம். சொன்னதற்கு நன்றி. அவ்வளவுதான், கோபம் இருந்ததா என்று எத்தனை முறை படித்தாலும் தெரியவில்லை. டாக்டர் அம்மாவின் பதில் அதைவிடச் சின்னது. "வந்து சேர். எல்லாரையும் கேட்டு முடிக்கும் வரை உனக்கு வேறு வேலை இல்லை. முடிந்த பிறகு உனக்கு இங்கே வேலை உண்டா என்று பேசலாம்."

விமானத்தில் படிவத்தைத் தமிழில் புதிதாக எழுதினேன். பழையது யாருக்கும் புரியாத தமிழில் இருந்தது, எனக்கும் சேர்த்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தூங்கி என் தோளில் சாய்ந்தார். நான் அசையாமல் எழுதினேன். யாரோ ஒருவர் தலையின் கனம் அன்று வேண்டியிருந்தது.

அக்கா வீட்டுக்குப் போனபோது காலை பத்து மணி. அவள் பையன் நாலு வயதுக்காரன், வாசலில் டயர் ஓட்டிக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்து, "கொஞ்சம் டீ குடிச்சிட்டு வாங்க மாமா" என்றேன். "வூட்லயே டீ இருக்குதேடா" என்றார். "கடையில குடிங்க" என்றேன். ஒன்றும் புரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

"சொல்லிட்டியா?" என்றாள் அக்கா.

"சொல்லிட்டேன். கடுதாசி வந்துடுச்சு. என்னைப் பத்தி அவங்க தனியா முடிவு பண்ணுவாங்க. நீ இன்னா சொன்னாலும் அது மாறாது."

கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினாள். நான் படித்துக் காட்டவா என்று கேட்க வாயெடுத்தேன்; நல்ல வேளை, அடக்கிக்கொண்டேன். வரிக்கு வரி விரலை வைத்து, உதடு அசைய, தானே படித்தாள். நெடுநேரம் ஆனது. இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டாள். யாருக்குப் போனது என்று எனக்குச் சொல்வார்களா? சொல்லமாட்டார்கள் என்றேன். என் பையனுக்கே தேவைப்பட்டால் இருக்குமா? அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தால் இருக்காது என்றேன். உம் என்றாள். பேனாவுக்குக் கை நீட்டினாள்.

கீழே இரண்டு கட்டங்கள். 'வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அதன் அடியில் மல்லிகா என்று எழுதினாள். குண்டு குண்டான, நேரான எழுத்துகள். நான் எழுதியிருந்தது மாதிரி கொஞ்சமும் இல்லை.

நான் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கக் கூடாதுக்கா."

"ம்" என்றாள். பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு, "சாப்ட்டுட்டுப் போடா" என்றாள். இந்த முறை சாப்பிடவில்லை என்று உண்மையைச் சொன்னேன். சாப்பிட்டேன்.

பட்டியலில் அடுத்த பெயர் அதே தெருவில், நாலு வீடு தள்ளி. கதவைத் திறந்தவர் அந்தப் பெண்ணின் மாமியார். என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர்.

"வா கண்ணு, வெளிநாடு போய்ட்டு வந்தியாமே? இன்னா, கையெழுத்தா? அவ சோறு வடிச்சிகினு இருக்கறா. குடு, நான் போட்டுடறேன்."

கை நீண்டது. படிவத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல பெரிம்மா. அவங்களே வரட்டும்."

"அட, பெரிய கலெக்டரு! கால் கடுக்க நிப்பியா அதுவரைக்கும்?"

"நிக்கறேன்" என்றேன். நின்றேன்.